நாலு முடிச்சும் நான்தான்

போன வருடம் சித்திரை மாதம், கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. என் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம். அதன் கீழே உட்கார்ந்து, தென்னை ஓலையைச் சீவி ஈர்க்கு எடுத்து விளக்குமாறு கட்டுவதுதான் என் தொழில். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். காலையில் பால்காரர் சைக்கிள் மணி அடித்துவிட்டுப் போனால், மறுநாள் அவர் வரும்வரை என்னிடம் பேச ஆள் கிடையாது. என் வாயோ ஓயாத வாய். கோழியைக் கேலி பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது சிரிக்காது.

அப்படியிருந்த ஒரு மத்தியானம் ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் காலேஜ் அட்டை, கையில் நாலைந்து தாள். சின்னத் தொழில்களை நடத்துவதில் என்னென்ன சிக்கல் இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். புதுக்கோட்டையிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாள். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள்.

"இங்க ஓனர் யாருங்க அப்பத்தா?"

"நான்தான்."

"மேனேஜர்?"

"அவளும் நான்தான். ரெண்டு பேருக்கும் ஆகாது, அத எழுதிக்க."

அந்தப் பெண் சிரித்தாள். நான் சொன்னதற்கு ஒரு மனுஷி சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே ஞாபகமில்லை. எல்லா வினையும் அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது.

என் பின்னால் விளக்குமாறுகள் நாலு குவியலாகக் கிடந்தன. ஒவ்வொரு குவியலுக்கும் கட்டு வேறு. ஒன்றில் கயிறு மூன்று சுற்று. ஒன்றில் கயிற்று நுனி உள்ளே செருகியிருக்கும். இன்னொன்று இடது பக்கம் இழுத்த முடிச்சு. கடைசி என்னுடையது. அந்தப் பெண்ணின் கண் அதையெல்லாம் கவனித்துவிட்டது. "எத்தன பேர் வேலை பாக்குறாங்க?" என்று கேட்டாள்.

ஒரு காலத்தில் அந்த மரத்தடியில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து கட்டினோம். ஒருத்தி செத்துப்போனாள். ஒருத்தி மகனோடு திருப்பூர் போய்விட்டாள். மூன்றாவது ஆள், இடதுகைக்காரி, கயிறு கம்பெனி வேலைக்கென்று அவர்கள் வேனில் ஏறிவிட்டாள். அவர்கள் முடிச்சுகளை நானே போட்டுக்கொண்டிருந்தேன். விளக்குமாறு வாங்குகிற கடைக்காரர் நாலு விதமாகக் கேட்கிறார் என்று ஊரில் சொல்லுவேன். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"நாலு பேரு" என்றேன். "மத்த மூணு பேரும் ஒரு எளவுக்குப் போயிருக்காளுக."

அவ்வளவுதான், எழுதிக்கொண்டாள். மற்ற மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேச வேண்டும், இன்னொரு நாள் வருகிறேன் என்றாள். எனக்கு அந்த 'இன்னொரு நாள்' தான் வேண்டியிருந்தது.

அடுத்த தடவை வந்தபோது ஒருத்திக்குக் காய்ச்சல், மற்றவர்கள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள் என்றேன். அதற்கடுத்த தடவை மூன்று பேரையும் குடுமியான்மலைக்குக் கோயிலுக்கு அனுப்பிவைத்தேன். நான் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை, என் ஆட்கள் மட்டும் மாவட்டம் பூராவும் சுற்றினார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் இருந்து, நான் வைத்த மோரைக் குடித்து, சிரித்துவிட்டுப் போவாள். அவள் வருகிற நாளில் நான் தலைசீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நாலாவது தடவை சிரிக்கவில்லை. பையைத் திறக்காமல் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் வேப்பமரத்தடியை நம்பித்தான் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறாளாம். அந்த மூன்று பேரும் பேசியது இல்லாவிட்டால் அதை அடித்துவிடச் சொல்லிவிட்டார் அவளுடைய சார். அடித்துவிட்டால் குறித்த தேதிக்குள் முடிக்க முடியாது. இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

மோர்ச் சொம்பைக் கீழே வைத்தேன். "ஆத்தா, ஆளு யாருமில்ல. நாலு முடிச்சும் நான்தான் போடுறேன்" என்றேன்.

"நான் என்ன ஒங்களுக்குப் பொழுதுபோக்கா அப்பத்தா?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது கேலி பண்ணித் தப்பித்திருப்பேன்.

எழுந்தவள் தெரு வரை போய்த் திரும்பி வந்தாள். "அப்ப அந்த மூணு பேரும் ஏன் போனாங்க? அதையாவது உண்மையாச் சொல்லுங்க."

சொன்னேன். சாவு, திருப்பூர், கடைசியில் இடதுகைக்காரி. "அவ கூலிக்கு ஆசப்பட்டுப் போனா. வேன் வாசலுக்கே வருதுல்ல" என்றேன். ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன்.

"அது நீங்க சொல்றது. அவங்க சொல்லணும்."

மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கயிறு கம்பெனி எங்கள் ஊரிலிருந்து மூன்று மைல்தான். இரண்டு வருடமாக அந்தப் பக்கம் நான் போனதில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில், தலையெல்லாம் நார்த்தூசியோடு இடதுகைக்காரி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். தூக்குவாளியை மூடினாள்.

அந்தப் பெண் தான் வந்த காரணத்தையும், நான் நாலு முடிச்சும் போட்டுக்கொண்டிருப்பதையும் அவளிடம் சொல்லிவிட்டு, தாளைப் பார்த்து வாசித்தாள். வேலையை விட்டதற்குக் காரணம்: கூலியா, தூரமா, உடம்புக்கு முடியாததா, வேறு ஏதாவதா?

"கூலியெல்லாம் இல்ல. அங்கிட்டும் இங்கிட்டும் ஒண்ணுதான்" என்றாள் இடதுகைக்காரி. "வேற ஏதாவதுன்னு போட்டுக்க."

"என்னன்னு எழுதட்டும்மா?"

"அவ வாயி."

என்னைப் பார்க்காமலேயே நடந்ததைச் சொன்னாள். அவள் மகளுக்குப் பேசி முடித்த கல்யாணம் நின்றுபோன மறுநாள், வேலைக்கு வந்து பேசாமல் கட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கலகலப்பாக்குவதாக நினைத்து நான் ஒன்று சொன்னேன். 'ஒன் மக கல்யாணமும் ஒன் முடிச்சு மாதிரிதான்டி, ஒரு இழுப்புல அவுந்துருச்சு.' எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அதனால்தான் எனக்கு அது மறந்தே போயிருந்தது. அடுத்த திங்கட்கிழமை அவள் வேனில் ஏறினாள்.

அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எழுதலாமா என்று தயங்குகிறாள். "எழுது ஆத்தா" என்றேன். "அவ உள்ளதத்தான் சொல்றா."

மணி அடித்தது. இடதுகைக்காரி எழுந்து சேலையைத் தட்டினாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். கேட்டுக்குள் நுழையுமுன் அவளே நின்றாள்.

"இன்னும் ஏம் முடிச்சத்தான் போடுறியாமே. இந்தப் புள்ள சொல்லுச்சு."

தலையாட்டினேன்.

"போடுறதுதான் போடுற, இறுக்கிப் போடு."

உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என் வாசலுக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. அந்தப் பெண் குறித்த தேதிக்குள் முடித்துவிட்டாள். ஒரு நாள் புத்தகத்தைக் கொண்டுவந்து, எங்களைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை வாசித்துக் காட்டினாள். ஓலை கிடைக்காதது, மழைக்காலம், வாங்க ஆள் குறைந்தது என்று சிக்கல்களை வரிசையாக எழுதியிருந்தாள். அதற்கும் கீழே, பேர் போடாமல், கூட வேலை செய்பவர்களின் மனம் நோகப் பேசுவது என்று ஒரு வரி. மோரைக் குடித்துவிட்டுப் போனவள், பிறகு வரவில்லை. வர வேலையும் இல்லை.

காலையில் கம்பெனி வேன் என் வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஓலைக்கும் மழைக்கும் யாரையாவது குறை சொல்லலாம். அந்த ஒரு வரிக்கு மட்டும் குறை சொல்ல ஆளில்லாமல், வேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் இடது பக்கம் இழுக்கிற அந்த முடிச்சை இன்னும் ஒரு தடவை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.