நசீமா ரீச்சரும் பாகிஸ்தான் யாப்பும்

மருதனார்மடம் சந்தைக்குப் பக்கத்திலை சனசமூக நிலையம். யன்னலைத் திறந்தால் சின்ன வெங்காய மணம் கண்ணைக் கரிக்கும்... பூட்டினால் புழுக்கம். அண்டைக்கு எல்லா யன்னலும் திறந்துதான் கிடந்தது.

எழுபத்திமூண்டாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை பின்னேரம்.

நானும் நசீமாவும் ஒரே பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சனாங்கள். ரெண்டு பேருக்கும் வேலை கிடைச்சு மூண்டு வருஷம். அவ பட்டணத்திலை முஸ்லிம் ஆக்கள் இருக்கிற சோனகத்தெரு, அரசியல் பாடம். நான் உடுப்பிட்டிப் பக்கம், தமிழ். ஒண்டாத்தான் சாப்பாட்டுப் பெட்டி திறப்பம்.

எங்கடை நாட்டிலை புது அரசியலமைப்பு யாப்பு வந்து ஒரு வருஷம். பாகிஸ்தானிலை எழுபத்திமூண்டிலைதான் புதுசா ஒண்டு எழுதினவை. வங்காளதேசம் பிரிஞ்ச கதை வேறை சூடாறேல்லை. அதாலை பட்டிமன்றத்துக்கு வைச்ச தலைப்பு, "சமயத்தின் பேரிலை பிறந்த நாடு நிலைக்குமா?"

"நிலைக்கும்" எண்ட பக்கத்திலை நசீமாவின்ரை பேரைப் போட்டினம். அவவைக் கேக்கேல்லை. பேரைப் பாத்தே போட்டிட்டினம்.

"நிலைக்காது" பக்கம் நான்.

என்ரை வேலை லேசு. நாடு ரெண்டா உடைஞ்சு ரெண்டு வருஷம், அதைவிட என்ன சாட்சி வேணும்? அடுக்குமொழியிலை வெளுத்து வாங்கினன். கைதட்டல். அந்தக் கைதட்டல் தலைக்கேறிப் போச்சு... கடைசியிலை ஒரு வார்த்தை விட்டிட்டன்.

"பாகிஸ்தானுக்காகக் கதைக்க நசீமா ரீச்சரை விட்டா ஆர் இருக்கினம்? அது அவவின்ரை ஆக்களின்ரை நாடெல்லே!"

சபை சிரிச்சுது. நானும் சிரிச்சன்.

நசீமா எழும்பினா. கையிலை ஒரு சீ.ஆர். கொப்பி. பள்ளி லீவுக்குக் கொழும்புக்குப் போய், நூலகத்திலை இருந்து அந்த நாட்டு யாப்புகளையும் சபை விவாதங்களையும் கையாலை எழுதிக்கொண்டு வந்தவ எண்டு எனக்குத் தெரியும். ஆனா அண்டைக்குக் கொப்பியைத் திறக்கவேயில்லை.

மெதுவாத்தான் தொடங்கினா. சுதந்திரத்துக்கு மூண்டு நாளுக்கு முன்னாலை, அந்த நாட்டை உருவாக்கின தலைவரே யாப்பு எழுதுற சபையிலை சொன்னவராம், ஒருத்தர் என்ன சமயம் எண்டது அரசாங்கத்தின்ரை அலுவல் இல்லை எண்டு. ஒரு வருஷத்திலை அவர் செத்துப்போனார். பிறகு, இறைமை ஆண்டவனுக்கே எண்டு அதே சபை தீர்மானம் போட்டுதாம். கிழக்கு வங்காளத்து இந்து உறுப்பினர்கள் எழும்பி நிண்டு மறுத்தவையாம். ஒருத்தரும் அவையின்ரை வாயைப் பொத்தேல்லை. அவை கதைச்சது முழுக்க இண்டைக்கும் பதிவிலை கிடக்காம்.

"ஒன்பது வருஷம் இழுபட்டு அம்பத்தாறிலைதான் முதல் யாப்பு வந்தது. இஸ்லாமியக் குடியரசு எண்டு பேர் வைச்சினம். ஆனா வங்காளப் பெடியள் மொழிக்காக டாக்காத் தெருவிலை செத்த பிறகு, உருது, வங்காளம் ரெண்டும் அரச மொழி எண்டு அந்த யாப்பிலை எழுதினவை. அதே அம்பத்தாறிலை இங்கை சிங்களம் மட்டும் எண்டு சட்டம் வந்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை."

வெளியிலை ஆரோ வெங்காய விலை கூவுறது உள்ளுக்கை கேட்டுது.

பிறகு சொன்னா... அந்த யாப்பு ரெண்டரை வருஷம்தான் உயிரோடை இருந்தது, ராணுவம் வந்து கிழிச்சுப் போட்டுது எண்டு. நாடு உடைஞ்சது சமயத்தாலை இல்லை, தேர்தலிலை வெண்டவையிட்டை ஆட்சியைக் குடுக்க மறுத்ததாலை எண்டு. அவவின்ரை அணிக்காரர் வெண்ட மாதிரி நிமிர்ந்து இருந்தினம்.

அங்கையே நிப்பாட்டியிருந்தால் பரிசு அவவுக்குத்தான்.

நிப்பாட்டேல்லை.

"ஆனா ஒரு சமயத்தை யாப்பின்ரை முன்பக்கத்திலை எழுதினால், மற்றச் சமயத்தவன் பின்பக்கத்துக்குப் போவான். அங்கை எழுதினாலும் பிழை. போன வருஷம் இங்கை பௌத்தத்துக்கு முதலிடம் எண்டு எழுதினதும் பிழை."

தலைமை தாங்கின ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா குழம்பிப் போனார். "பிள்ளை, நீங்கள் எந்தப் பக்கம்?" எண்டு கேட்டார்.

"நான் வாசிச்சதைச் சொன்னனான் ஐயா."

இருக்கப் போனவ, திரும்பி என்னைப் பாத்தா. கோபமே இல்லை.

"பரமேஸ் ரீச்சர் என்ரை ஆக்களைப் பற்றிச் சொன்னவ. என்ரை ஆக்கள் எல்லாம் இந்த ஹோலுக்குள்ளைதான் இருக்கினம்."

தீர்ப்பு எங்கடை பக்கம். எனக்கு ஒரு எவர்சில்வர் தட்டு தந்தினம். வாங்கேக்கை கை கூசிச்சுது.

பஸ் ஸ்ராண்டிலை மன்னிப்புக் கேட்டன். கொப்பியைப் பைக்குள்ளை வைச்சா. பிறகு, "உம்மடை பேச்சு நல்லாத்தானே இருந்தது பரமேஸ். வெல்லுறதுக்கு உமக்கு அந்த வசனம் தேவைப்படேல்லை" எண்டா.

அடிச்சிருந்தாலும் தாங்கியிருப்பன்.

அடுத்த கிழமை நானாப் போய்க் கேட்டன், எங்கடை நாட்டு யாப்பை எனக்கு வாசிச்சு விளங்கப்படுத்தும் எண்டு. அதுவரைக்கும் அதைத் திட்டியிருக்கிறன், வாசிச்சதில்லை. சாப்பாட்டு இடைவேளையிலை நாளுக்கு ஒரு பக்கம். நான் அவசரப்பட்டுத் திட்டத் தொடங்கினால், "முதல்லை முழுக்க வாசியும்" எண்டுவா. ஒரு பள்ளிக்கூடத் தவணை முழுக்க அப்பிடித்தான் போச்சு. என்ரை வயசிலை அப்பிடியொரு நேர்மையான ஆளை நான் அதுக்கு முன்னம் கண்டதில்லை. பிறகும் கனபேரைக் காணேல்லை.

தொண்ணூறிலை எங்கடை இயக்கக்காரர் முஸ்லிம் ஆக்கள் எல்லாரோடையும் நசீமாவின்ரை குடும்பத்தையும் ஊரை விட்டுப் போகச் சொல்லிச்சினம். குடுத்தது ரெண்டு மணித்தியாலம். நான் அப்ப கொழும்பிலை. ஊரிலை இருந்திருந்தாலும் வாய் திறந்திருப்பனோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது.

இப்ப அவ புத்தளத்திலை. நான் கனடாவிலை.

இப்ப எல்லா நாட்டு யாப்பும் போனிலை கிடக்கு. வாசிக்கிறவையைத்தான் காணேல்லை. ஆனா பேரைப் பாத்துப் பக்கம் பிரிக்கிற வேலை மட்டும் அண்டையை விட வேகமா நடக்குது...

கொஞ்ச வருஷத்துக்கு முன்னம் ஒரு நாள் நசீமா ரெலிபோன் எடுத்தா. சுகம்கூட விசாரிக்கேல்லை. குரலிலை அவ்வளவு சந்தோசம்.

"பரமேஸ், பாகிஸ்தான்காரர் பதினெட்டாவது திருத்தத்திலை மாகாணங்களுக்கு அதிகாரத்தைத் திருப்பிக் குடுத்திருக்கினம். இண்டைக்குத்தான் முழுக்க வாசிச்சு முடிச்சனான்."

"வங்காளம் பிரிஞ்சு நாப்பது வருஷத்துக்குப் பிறகோ?" எண்டன்.

"ஓம், பிந்தித்தான். எண்டாலும் எழுதிப் போட்டினமெல்லே."