மொட்டைமாடியில் நடந்து போட்ட தெரு

எட்டாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்று சரியாக நினைவில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன். லாரியில் கிளீனராக ஓடினேன். சமயபுரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினேன். அங்கே சாப்பிட வந்த ஒருவர், "போன் பார்க்கத் தெரியுமா? வெயில்ல நடப்பியா?" என்று கேட்டார். இரண்டும் முடியும் என்றேன். திருச்சியை வரைபடமாக்கும் வேலைக்கு அதற்கு மேல் தகுதி கேட்கவில்லை. கழுத்தில் அட்டை, தலையில் தொப்பி, கையில் கம்பெனி போன். அவரே எனக்கு மேற்பார்வையாளர் ஆனார்.

வேலை இதுதான். வேறு ஊரில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்கள், வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கூரைகளைச் சுற்றிக் கோடு போட்டு அனுப்புவார்கள். நான் அந்த வீட்டுக்குப் போய், கதவைப் படம் எடுத்து, எண் போட்டு, அதை ஒரு தெருவோடு இணைக்க வேண்டும். கோடு போடுகிறவர்கள் நிறையப் படித்தவர்கள். புத்தூரில் ஒரு தெருவின் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் பெரிய கட்டடம் ஒன்றை வரைந்திருந்தார்கள். போய் நின்றால் வெறும் தெரு. எதிர்வீட்டுக்காரர் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது எங்க பொண்ணு கல்யாணப் பந்தல்ங்க. அன்னிக்குன்னு பார்த்துப் படம் எடுத்திருக்காங்க. பேரனுக்குக் காதே குத்தியாச்சு."

மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன்.

"படத்துல இருக்குல்ல? நம்பரைப் போடு."

"பந்தல் சார்."

"கூரை இருக்குல்ல?"

போட்டேன். கதவுக்குப் பதில் எதிர்வீட்டுக்காரரின் சிரித்த முகத்தைப் படம் எடுத்து ஏற்றினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, மாடியோடு மாடி சேர்ந்து நிற்கும். மேலிருந்து பார்த்தவர்கள் எட்டு வீட்டை ஒரே வீடாக வரைந்துவிட்டார்கள். நான் கதவு கதவாகப் போய்ப் பிரித்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு கோயில் அன்னதானம், படுக்கை ஆற்றங்கரைப் பக்கம் ஒரு கல்மண்டபம். இரண்டுக்கும் முகவரி தேவைப்படவில்லை.

நான்காவது கதவில் ஒரு பெரியவர் நின்றார். மடிப்புக் கலையாத வேட்டி, நெற்றி நிறைய நாமம்.

"உள்ள எத்தனை குடும்பம் சாமி?"

"ஒண்ணு."

"பின்னாடி?"

"பின்னாடி கொல்லை. கொல்லையில யார் இருப்பா?"

ஒன்று என்று போட்டுக்கொண்டு நகர்ந்தேன். தெருமுனையில் ஒரு மாமி என்னை மடக்கினார்.

"ஏம்பா, கொரியரா நீ?"

"இல்லீங்க மாமி, வீடு கணக்கெடுக்கறேன்."

"என்னை எடுத்துண்டியா?"

கொல்லையில் இருப்பது அவர்தான். பெரியவருடைய தம்பியின் மனைவி. தம்பி இப்போது உயிரோடு இல்லை. வீட்டின் நடுவே சுவர் எழுப்பி முன்பாதி பெரியவருக்கு, பின்பாதி மாமிக்கு என்று பிரித்தாகிவிட்டது. மாமியின் ஒரே வாசல் பின்னால் உள்ள சந்தில் திறக்கிறது. அவர் புளிக்காய்ச்சல் செய்து பாட்டிலில் அடைத்து, போனில் வரும் ஆர்டருக்கு அனுப்புகிறார். பாட்டில் எடுக்க வருகிறவனை வரைபடம் முன்வாசலுக்குத்தான் கூட்டிப்போகிறது. அங்கே பெரியவர், அப்படி யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.

"ரெண்டு தடவை திரும்பிப் போயிட்டான். இன்னொரு தடவை போனா ஆர்டர் குடுக்கற கம்பெனி என்னை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுமாம். அப்புறம் சாப்பாட்டுக்கு அந்த மனுஷர் வாசல்லதான் போய் நிக்கணும். அதுக்குத்தான் அவரும் காத்துண்டிருக்கார்."

மாமிக்குத் தேவை ஒரு கதவு. என் போனோ, தெரு இல்லாத கதவை ஏற்காது. அந்தச் சந்து வரைபடத்திலேயே இல்லை. மறுபடியும் மேற்பார்வையாளர்.

"புதுத் தெருவா? போனைக் கையில வச்சுக்கிட்டு இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் நட. தடம் விழுந்தா தெரு. விழலைன்னா இல்ல."

நடந்தேன். கையை மடக்கினால் இரண்டு முழங்கையும் சுவரில் இடிக்கும் சந்து அது. முனையில் மட்டும் கொஞ்சம் அகலம். இரண்டு பக்கமும் உயரமான சுவர், போனுக்கு வானம் தெரியவில்லை, சாட்டிலைட் சிக்னல் சரியாக எட்டவில்லை. முதல் நடையில் என் தடம் நாலு வீட்டுச் சமையலறை வழியாகப் போயிருந்தது. இரண்டாம் நடையில் கொள்ளிடத்துத் தண்ணீர் மேல் நடந்திருந்தேன்.

மாமி போனை எட்டிப் பார்த்தார். "மேல ஏறி நடயேன். மாடியெல்லாம் ஒண்ணாத்தானே கிடக்கு? செருப்பைக் கழட்டிடு, வடாம் காயறது."

ஏறினேன். வானத்திலிருந்து பார்த்தவர்களை ஏமாற்றிய அதே மாடிகள். மணி ஒன்று இருக்கும். சந்தை ஒட்டிய கைப்பிடிச் சுவர் ஓரமாக, வீட்டுக்கு வீடு முழங்கால் உயரக் குறுக்குச் சுவரைத் தாண்டி நடந்தேன். பாதம் கொப்பளித்தது. லாரி என்ஜின் மூடியில் கால் நீட்டித் தூங்கியவனுக்கு அது பெரிதில்லை. நான்காவது வீட்டு மாடியில் பெரியவர் வேட்டி எடுக்க வந்திருந்தார். வீட்டைப் பிரித்தவர்கள் மாடியைப் பிரிக்கவில்லை.

"யாருடா அது? மாடில என்ன பண்றே?"

"தெருவுல நடக்கறேன் சாமி."

"இது என் மாடிடா!"

"மாடி உங்களுதுதான். தெரு கீழே இருக்கு."

"கீழே தெருவே கிடையாது!"

"இப்ப வந்துடும். கொஞ்சம் தள்ளிக்கங்க, தடம் கோணிடும்."

அவர் தள்ளிக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியாது. கழுத்தில் அட்டை இருந்தால் நம் ஊரில் இந்த மரியாதை உண்டு.

தடம் நூல் பிடித்த மாதிரி விழுந்தது. கடைசியாக ஒரு கேள்வி: இந்தத் தெருவில் என்ன வண்டி போகும்? லாரி, வேன், கார். எதுவும் போகாது என்று சொல்ல இடம் வைக்கவில்லை. இருப்பதில் சின்னதாகப் பார்த்துக் காரை அழுத்தினேன். மாமியின் கதவுக்கு எண் வந்தது. அடுத்த வாரமே பாட்டில் எடுக்க ஆள் நேராக அந்தக் கதவுக்கு வந்தான்.

வேலை முடிந்ததும் கரூர்ப் பக்கம் போய்விட்டேன். சில மாதம் கழித்து ஸ்ரீரங்கம் வந்தபோது சந்துமுனையில் வெளியூர்க் கார் ஒன்று மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பக்கக் கண்ணாடியும் சுவரில். கோயிலுக்கு இதுதான் கார் போகும் வழி என்று காட்டிய போனை டிரைவர் திட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பெருமாள் சேவிக்க வந்த குடும்பம், கதவைத் திறக்க முடியாமல்.

மாமி என்னைப் பார்த்துவிட்டார். "வாடாப்பா! ஒரு கதவு கேட்டா ஹைவே போட்டுக் குடுத்திருக்கியே! வாரத்துல ரெண்டு கார். முனை அடைச்சிருந்தா பாட்டில் எடுக்க வரவன் அப்படியே திரும்பிடறான். பழைய கதைதான்."

மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். "வேலை முடிஞ்சு போச்சுப்பா. உன் லாகினையும் மூடியாச்சு. தப்பா இருந்தா இனிமே தப்பாவே இருக்க வேண்டியதுதான்," என்றார். அவர் வேறு ஊரை வரைந்துகொண்டிருந்தார்.

மாமியின் கொல்லையில் பழைய ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது. கார் பின்வாங்கிய பிறகு டிரைவரும் நானும் அதை உருட்டிக்கொண்டு வந்து சந்துமுனையின் நடுவில் நிறுத்தினோம். ஆள் போகலாம், கார் போகாது. போனில் திருத்த முடியாததற்கு எனக்குத் தெரிந்த திருத்தம் அதுதான்.

சத்தம் கேட்டுப் பெரியவர் வீதியைச் சுற்றிக்கொண்டு வந்தார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கழுத்தில் அட்டை இல்லை.

"யாரைக் கேட்டுடா பொதுத் தெருவுல கல்லைப் போட்டே?"

மாமி கரண்டியோடு வாசலுக்கு வந்தார்.

"என்ன தெரு? இன்னொரு தடவை சொல்லுங்கோ, காதுல சரியா விழலை."

பாட்டில் எடுக்க வந்தவன் பைக்கைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, "வழி விடுங்க சாமி" என்று பெரியவரைத் தாண்டி உள்ளே நடந்தான்.