சாக்குச் சட்டையில் ஒரு நண்டு

இந்தத் திங்கட்கிழமை என் வேலை போயிருக்க வேண்டியது. போகவில்லை. எப்படித் தப்பித்தது என்று எனக்கே இன்னும் முழுதாகப் புரியவில்லை... சொல்கிறேன், கேளுங்கள்.

தினமும் லான்மடாப் பேட்டையிலிருந்து கிளம்பி, சம்பான் படகில் ஆற்றைக் கடந்து, அக்கரையில் ஒரு அரிசி மில்லுக்குப் போகிறவன் நான். அங்கே நான் கிராணி. கணக்கு எழுதுவதோடு, துரை பேசுவதைக் கூலிகளுக்கும் கூலிகள் பேசுவதைத் துரைக்கும் மாற்றிச் சொல்லவும் வேண்டும். மாற்றிச் சொல்வது பாதி, மழுப்பிச் சொல்வது மீதி. கூலி 'மாட்டேன்' என்றால், 'யோசிக்க அவகாசம் கேட்கிறான்' என்பேன். பதினோரு வருஷமாக இப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது.

மூட்டை தூக்குகிற கோஷ்டிகளில் வீராசாமி மேஸ்திரியின் கோஷ்டி ஒன்று. இருபத்துமூன்று பேர். எல்லோர் முதுகிலும், சாக்குச் சட்டையின் மேல், சிவப்புப் பெயிண்டில் ஒரு நண்டு. த்வாண்டேயிலிருந்து நெல் கொண்டுவரும் படகுக்காரர்கள்கூட இவர்களை 'கணான்' ஆட்கள் என்றுதான் கூப்பிடுவார்கள். பர்மியத்தில் நண்டுக்கு அதுதான் பெயர்.

புதுத் துரைக்கு இது பிடிக்கவில்லை. ஜெர்மன் சண்டை முடிந்து இங்கே வந்தவர், எதிலும் ஒழுங்கு பார்ப்பார். போன வியாழக்கிழமை மேஸ்திரியை ஆபீசுக்கு வரவழைத்தார். திங்கள் முதல் நண்டு கூடாது. ஆளுக்கு ஒரு நம்பர். மறுத்தால் கோஷ்டி மொத்தத்துக்கும் வேலை கிடையாது!

மேஸ்திரி துரையின் தலைக்கு மேலே மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். ஒரு கேடயம், அதில் காட்டுப்பன்றித் தலை, சுற்றிலும் மூன்று நட்சத்திரம்.

"அது என்னாங்க கிராணி, பன்னி?"

கேட்டுச் சொன்னேன். துரையின் முகம் மலர்ந்துவிட்டது. குலப்பெருமை பேச யாருக்குத்தான் கசக்கும்? அது அவர் குடும்பத்தின் 'கோட் ஆஃப் ஆர்ம்ஸ்', அதாவது குலச்சின்னம். பல நூறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய முன்னோர் ஒருவர் தலைமுதல் கால்வரை இரும்பு மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போனாராம். முகம் தெரியாது. நம்மவன் யார், எதிரி யார்? அதற்காகக் கேடயத்தில் பன்றி. இரும்புக்கு மேலே போட்ட துணிச் சட்டையிலும் அதே பன்றி — 'கோட்' என்ற பெயரே அதனால் வந்ததாம். அந்தச் சின்னத்தை வேறு எவனாவது போட்டால் வழக்கு வரும். பிள்ளைகள் மட்டும் அதே பன்றியோடு ஒரு சின்ன அடையாளம் சேர்த்துக்கொள்ளலாம். மூத்தவனுக்கு ஒன்று, இளையவனுக்கு ஒன்று.

மேஸ்திரி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்க கதையும் அதான். உமித்தூசிக்கு மூஞ்சியில துணி கட்டிக்கிறோம். கண்ணு மட்டுந்தான் தெரியும். போன மழையில மூட்டை அடுக்கு சரிஞ்சு மாரிமுத்து உள்ள மாட்டிக்கிட்டான். அவனவன் கோஷ்டி ஆள அவனவன்தான் பாக்கணும், இங்க வழக்கம் அது. தூசியில அவன் முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது. நண்டப் பாத்துத்தான் நம்ம ஆளுன்னு ஓடிப்போயி இழுத்தோம். வெறும் நம்பரா இருந்தா எவன் படிச்சிருப்பான்? எங்கள்ல யாருக்கு எழுத்துத் தெரியும்?"

இன்னொன்றும் கேட்டார். "தொரையோட பாட்டன் பன்னி வரஞ்சப்ப யாருகிட்ட உத்தரவு கேட்டாராம்?"

நான் துரையைப் பார்த்து, 'திங்கட்கிழமைக்குள் செய்துவிடுவதாகச் சொல்கிறான்' என்றேன்.

"நான் இவ்ளோ பேசுனதுக்கு இங்கிலீசு இத்துனூண்டுதானா?" என்றார் மேஸ்திரி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

திரும்பி வருகிற சம்பானிலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பாண்டியனுக்கு மீன், பர்மிய ராஜாவுக்கு மயில், துரைக்குப் பன்றி. எல்லாமே முதலில் எவனோ ஒருவன் தானாக வரைந்துகொண்டதுதானே? பின்னால் வருகிறவனை மட்டும் உத்தரவு கேட்கச் சொல்கிறார்கள். என்ன நியாயம் ஐயா இது? கோபமாக வந்தது — துரை மேல் பாதி, என் மேல் மீதி.

ஞாயிற்றுக்கிழமை கூலிகள் குடியிருக்கும் லைனுக்கு நானே போனேன். மேஸ்திரியிடம் ஒரு யோசனை தயாராக இருந்தது. அதற்கு எழுதத் தெரிந்த ஒரு கைதான் தேவைப்பட்டது.

திங்கள் காலை இருபத்துமூன்று பேரும் முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். அதே சிவப்பு நண்டு. அதன் இரண்டு கொடுக்குக்கும் நடுவே, வெள்ளைப் பெயிண்டில் நம்பர். ஒன்று முதல் இருபத்துமூன்று வரை, எல்லாம் என் கையெழுத்து.

"என்ன இது?" என்றார் துரை.

"தொரை நம்பர் கேட்டாரு, போட்டாச்சு. மூத்தவனுக்கு ஒண்ணு, எளையவனுக்கு ஒண்ணுன்னு அவரு வீட்டு வழக்கப்படிதான் போட்டிருக்கோம்" என்றார் மேஸ்திரி.

இந்தத் தடவை நான் மழுப்பவில்லை. அதைச் சொன்னேன். மாரிமுத்து கதையைச் சொன்னேன். துரையின் பாட்டன் உத்தரவு யாரிடம் கேட்டார் என்ற கேள்வியையும் சேர்த்துச் சொன்னேன்.

துரை திரும்பிப் படகுத்துறையைப் பார்த்தார். மூட்டை இறக்க ஆள் வராமல் நெல் படகுகள் அங்கே வரிசையாகக் காத்துக்கிடந்தன. கடைசியில், 'நண்டையாவது கொஞ்சம் சிறியதாகப் போடச் சொல்' என்றார்.

சொன்னேன். மேஸ்திரி சிரிக்கவில்லை.

"மொதல்ல அவரு பன்னியச் சின்னதாக்கச் சொல்லுங்க, கிராணி. அப்புறம் நண்டப் பாப்போம்."

ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். துரை படகுகளைக் கைகாட்டி, 'வேலையைப் பாருங்கள்' என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார். நண்டு இன்றைக்கும் அதே அளவில்தான் இருக்கிறது.