சங்கு குளிப்பவரின் குழாயில் நான் போட்ட மூன்று சுருள்

இந்த ஜனவரியில் நான் தூத்துக்குடி போனது ஊர் பார்க்க அல்ல. மதுரையில் இரும்பைக் காய்ச்சி அடித்து கதவும் கிராதியும் செய்வது என் தொழில். தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயிலின் தியானத் தோட்டத்துக்கு எட்டடி உயர இரும்புத் திரை கேட்டிருந்தார்கள். கடலுக்குள் இறங்கும் சங்கு குளிப்பவர் ஒருவரை அதில் அமைத்தேன். படகிலிருந்து அவர் வாய்க்குக் காற்று வரும் குழாயை மூன்று சுருளாக வளைத்திருந்தேன். மொத்த வேலையிலும் எனக்கு அதிகம் பிடித்தது அந்த இடம்தான்.

திரை முந்தின நாளே மினி லாரியில் போய்விட்டது. மாட்டுத்தாவணியில் காலை 5.40க்குப் பேருந்து, 150 ரூபாய். (இடதுபக்கம் உட்காராதீர்கள், வெயில் முகத்தில் அடிக்கும்.) 8.50க்குத் தூத்துக்குடி. தோட்டம் அங்கிருந்து 17 கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 400. ஓட்டியவர் சேவியர், நாற்பத்தைந்து வயதிருக்கும். உப்பளங்களைத் தாண்டும்போது திரையைப் பற்றிச் சொன்னேன். தானும் பன்னிரண்டு வருடம் சங்கு குளித்தவர் என்றார்.

"இப்போ போறதில்லையா அண்ணே?"

"விட்டாச்சுக்கா."



தோட்டத்தில் திரையைத் தூக்க ஆள் போதவில்லை. சேவியரும் கைகொடுத்தார். தார்ப்பாயை விலக்கியதும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு சுருள்மேல் விரலை வைத்தார்.

"இத அழகுக்குப் போட்டியளோ?"

"ஆமாண்ணே."

"டியூப் இப்படி மடங்குனா காத்து வராதுக்கா. என் தம்பி இப்படித்தான் போனான். மேல படகுல நாந்தான் டியூப்பப் பிடிச்சிட்டு இருந்தேன்."

அவர் குரல் உயரவே இல்லை. மூச்சு முட்டிச் சாகும் ஒருவரை மூன்று மாதமாக நான் அழகுபடுத்தியிருக்கிறேன். அதன் எதிரேதான் சங்கு குளிப்பவர்களின் குடும்பங்கள் உட்கார்ந்து ஜெபிக்கப் போகின்றன.

இன்று மாட்ட முடியாது என்று பங்குச் சாமியாரிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை மந்திரிப்பு, திறப்புன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சேம்மா" என்று திகைத்தார். பிறகு சேவியரின் முகத்தைப் பார்த்தார். "சரி, கொண்டு போங்க."

மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு வெல்டிங் பட்டறை. திரையை ஒரு வண்டியில் ஏற்றிப் போனோம், சேவியரும் வந்தார். கேஸ் நெருப்பில் காய்ச்சி ஒவ்வொரு சுருளாக அடித்து நிமிர்த்தினேன். குழாயின் மேல்முனையை நான் படகின் முளையில் கட்டியிருந்தேன். "கட்டிப் போட மாட்டோம்க்கா, ஒரு ஆளு பிடிச்சிருக்கணும்" என்றார். பட்டறை மேசையில் அவர் தன் கையை வைக்க, சாக்பீஸால் சுற்றி வரைந்துகொண்டு, அந்த அளவில் ஒரு கை அடித்து, முளைக்குப் பதில் அது குழாயைப் பிடிக்கும்படி வைத்தேன். முடிக்கும்போது மாலை ஐந்தரை.

"விரல இன்னும் கொஞ்சம் இறுக்கிருங்க" என்றார். இறுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை அந்தத் திரைதான் அங்கே நின்றது. சேவியர் தன் அம்மாவைக் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மா குழாயைப் பார்க்கவில்லை, மேலே இருந்த கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் போங்கள், பிறகு வெயிலில் காய்ந்த இரும்பைத் தொட முடியாது. கடலோரத்துக்கு இரும்பு வேலை செய்பவர்கள் துத்தநாகப் பூச்சில்லாமல் அனுப்பாதீர்கள், உப்புக்காற்று தின்றுவிடும். முக்கியமாக, வரைந்ததை உலைக்குக் கொண்டுபோகும் முன் கடலில் இறங்கிய ஒருவரிடம் காட்டுங்கள். நான் காட்டவில்லை.