இரும்புச் சில்லுக்கு இடம் விடாத நிலை

பூபாலபிள்ளை அண்ணன் காலமான செய்தி வந்தபோது நான் ஏறாவூரில் ஒரு வீட்டு யன்னலுக்குப் பிணைச்சல் பூட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் கலா கைபேசியில் கூப்பிட்டாள். "மாமா, அப்பா கராஜுக்குள்ள விழுந்திட்டார். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனம். மறுகா..." என்று சொல்லி நிறுத்திவிட்டாள். அந்த 'பிறகு' என்ன என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்காரரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பாலம் தாண்டி வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் இறங்கும்போதுதான், அந்த யன்னல் கதவை ஒற்றைப் பிணைச்சலில் தொங்கவிட்டு வந்தது நினைவு வந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கலா கேட்டபோது, "எனக்கு எழுத்து வராது மகள், பலகை எண்டா சீவித் தாறன்" என்றேன். அவள் விடுகிற ஆளில்லை. நானும் ஒரு விசயத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வளவளவென்று எழுதிக்கொண்டு போய்க் கடைசியில் விட்டுவிடுவேன்.

அண்ணனின் கராஜுக்குள் கால் வைத்தவர்களுக்கு, அதன் நடுவில் கதவில்லாமல் நிற்கும் முதிரை மரத்து வாசல் நிலையைத் தெரியும். அகலம் போதாமல் செய்த நிலை அது. பிழையான அளவு கொடுத்தவர் பூபாலர்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லும், அவரும் அப்படியேதான் சொல்லுவார். அது உண்மையில்லை. அளந்தவன் நான், பிழை விட்டவனும் நான். செத்த வீட்டில் இதைச் சொல்ல எழும்பினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்ததும் திரும்ப இருந்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

அண்ணனை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அவர் அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் யந்திர முற்றத்தில் முப்பது வருசம் மெக்கானிக்காக இருந்தவர். பென்சன் எடுத்துக்கொண்டு வந்ததும் வாவிக்கரையில் தன் வீட்டு வளவுக்குள் ஒரு பெரிய கராஜ் கட்ட வேண்டும் என்று நின்றார். வயற்காரர்களின் உழவு மிசின் பழுதானால் பாலம் தாண்டி எழுவான்கரைக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டிய காலம் அது. உழவு நேரத்தில் மூன்று நாள் மிசின் நின்றால் அந்தப் போகமே பிந்திவிடும். அந்த இழுபறி இல்லாமல் ஆக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம்.

முழுவதையும் ஒரேயடியாகக் கட்ட அவரிடம் வசதி இருக்கவில்லை. வசதி இருந்திருந்தாலும் அப்படிக் கட்டியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். "ஒரேயடியாக் கட்டினா பிழையும் ஒரேயடியா வந்திரும் கா. கட்டம் கட்டமாக் கட்டினா அடுத்த கட்டத்தில திருத்திக்கிடலாம்" என்பார். இதை அவர் சொல்லும்போது நான் வேறு எங்காவது பார்த்துக்கொண்டு நிற்பேன்.

முதலாம் கட்டம் என்றால் ஆறு பனங்குற்றி, மேலே தகரம், கீழே வாவி மணல். அவ்வளவுதான். மழை பெய்தால் தகரத்துச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. சைகையில்தான் அண்ணன் நட்டுக் கழற்றுகிற சாவி கேட்பார். கலாதான் பள்ளிக்கூட உடுப்போடு நின்று எடுத்துக் கொடுப்பாள், அவளுக்குச் சாவி நம்பரெல்லாம் அப்பவே பாடம்.

இரண்டாம் கட்டத்தில்தான் நான் வந்தேன். அதற்கு முந்திய வருசம் மர ஆலையில் வாள் பட்டு என் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. நான் ஓடாவி, மரவேலைதான் பிழைப்பு. ஓடாவிக்கு வலது கையில் மூன்று விரல் என்றால் சனம் என்ன நினைக்கும்? ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, ஆனால் ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. கதவு வேலையெல்லாம் பக்கத்து ஊர் ஆட்களுக்குப் போனது. பின்னேரங்களில் நான் சும்மா உளியைத் தீட்டித் தீட்டி வைப்பேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவாள், எனக்கு அதில்தான் ஆத்திரம் வரும்.

அப்படி இருந்த ஒரு நாளில் அண்ணன் சைக்கிளில் வந்து வாசல் படலையடியில் நின்றார். "ஓடாவியார், மூண்டு பக்கமும் கல் வைச்சுச் சுவர் எழுப்பப் போறன். முன் வாசலுக்கு முதிரையில ஒரு நிலை வேணும். உழவு மிசின் உள்ள வரக்கூடின நிலை. செய்வீங்களா?" என்றார். அவரைவிட நான் பத்து வயது குறைவு, இருந்தும் கடைசிவரை 'நீங்க' என்றுதான் பேசினார். என் கையை அவர் பார்க்கவே இல்லை. பார்க்காத மாதிரி நடித்தார் என்று அப்போது நினைத்தேன். பழகிய பிறகு தெரிந்தது, அவருக்கு நடிக்கத் தெரியாது.

அளவு எடுக்கப் போன நாள் ஆவணி மாதம். அண்ணன் தகரம் வாங்க ஏறாவூருக்குப் போயிருந்தார். "வளவுக்குள்ள மிசின் நிக்கிது, நீங்களே அளந்து எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நாடாவைப் பிடித்து, பின் சில்லுக்குப் பின் சில்லு, சக்கரத்துக்குச் சக்கரம் அளந்து, இரண்டு பக்கமும் கையகலம் கூட்டி எழுதிக்கொண்டேன். ஒரு தரத்துக்கு மூன்று தரம் அளந்தேன். அளவு அச்சொட்டாக இருந்தது. நான் அளந்த மிசின்தான் பிழை.

வயற்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மாரி தொடங்கிச் சேற்று வயலில் மிசினை இறக்கும்போது, இரண்டு பின் சில்லுக்கும் வெளிப்பக்கமாகக் கூடு மாதிரி ஒரு இரும்புச் சில்லு பூட்டுவார்கள். இல்லாவிட்டால் மிசின் புதைந்துபோகும். பூட்டினால் மிசினின் அகலம் இரண்டு பக்கமும் கூடிவிடும். கோடையில் அளந்த நான் அந்த இரும்புச் சில்லை நினைக்கவே இல்லை. சின்ன வயதிலிருந்து வயல் வட்டைக்குள் கிடந்து வளர்ந்தவன், எனக்கு அது நினைவு வரவில்லை. விரல் போன ஓடாவியின் முதல் வேலை திறமாக இருக்கவேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் மற்ற எண்ணமெல்லாம் போய்விட்டது.

நல்ல நேரம் பார்த்து நிலை வைத்தோம். அண்ணனின் மனைவி பாக்கியம் அக்கா நிலைக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, அடியில் வைக்கத் தன் பழைய தோட்டில் இருந்து ஒரு துண்டுப் பொன் தந்தார். எல்லாரும் நிலையைத் தடவிப் பார்த்து நல்ல வேலை என்றார்கள். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஐப்பசி மழையில் முதல் மிசின் வந்தது. சாமித்தம்பி என்ற வயற்காரர் வட்டைக்குள்ளிருந்து நேரே, இரும்புச் சில்லோடு, வேறொரு மிசினில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். நிலைக்குக் கிட்ட வந்ததும் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு நின்றது. திரும்பவும் தள்ளிப் பார்த்தார்கள். போகவில்லை. மழைக்குள் நின்று சேறு அப்பின இரும்புச் சில்லைக் கழற்றுவதென்றால் பாதி நாள் வேலை. அங்கே நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் ஆளை ஆள் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார்கள். நான் வலது கையைச் சாரத்து மடிப்புக்குள் விட்டேன். இனி இந்த ஊரில் எனக்கு வேலை இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன்.

அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நிலையைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார். "ஓடாவியாரப் பாக்காதீங்க. அளவு குடுத்தது நான்தான். இரும்புச் சில்லு எண்டு ஒண்டு இரிக்கிறது மறந்து போச்சு" என்றார்.

சாமித்தம்பி மழைக்குள் நின்றே சிரித்தார். "முப்பது வருசம் மிசின் பாத்த மனிசனுக்கு இது மறந்து போச்சாம்."

"ஓம் கா, மறந்துதான் போச்சு. வயசு போகுதுதானே" என்றார் அண்ணன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போய் அந்த மழைக்குள் குந்தியிருந்து தானே சில்லைக் கழற்றினார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அந்தப் பக்கத்து நட்டைப் பிடிங்க" என்றார்.

அன்றிலிருந்து எத்தனை வருசப் பகிடி! கலியாண வீட்டில், கோயில் திருவிழாவில், எங்கே கண்டாலும் "பூபாலர், உங்கட வாசல் மேட்டு மிசினுக்கா, சேத்து மிசினுக்கா?" என்று கேட்பார்கள். அவர் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் முகம் கறுக்கும். நிலையைக் கழற்றிப் பெரிதாக வேறு வைக்கலாமே என்று ஆட்கள் கேட்டால், "நேரம் பாத்து வைச்ச நிலையை அசைக்கப்படாது" என்பார். சாத்திரத்தில் இவ்வளவு பிடிப்புள்ள மனிசனா என்று நானே யோசித்ததுண்டு.

மூன்றாம் கட்டத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். நிலையை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முன்னால் வாவிப் பக்கம் பார்த்தபடி பெரிய கொட்டகை ஒன்று போட்டு, பக்கவாட்டில் அகலமான வாசல் வைப்பதென்று முடிவு. அளவெடுக்கும் நாள் வந்தபோது வளவுக்குள் ஒரு மிசின் இரும்புச் சில்லோடு நின்றது. கோடை காலம், சேறு இல்லை, உழவு இல்லை. எனக்கு அளப்பதற்காகவே காலையில் எழும்பிச் சில்லைப் பூட்டி வைத்திருக்கிறார். நாடாவின் மற்றத் தலையை மட்டும் பிடித்தார்.

கொட்டகை எழும்பியதும் பழைய அறை சும்மா கிடந்தது. "ஓடாவியார், இனி உங்கட வேலையை இஞ்ச வைச்சுச் செய்யுங்க. எனக்கும் பேச்சுத் துணை" என்றார். அந்த நிலையால் உள்ளே போய் வெளியே வந்துதான் இவ்வளவு காலமும் நான் உழைத்தேன். என் இரண்டு பிள்ளைகளின் கலியாணத் தளபாடமும் அந்த அறையில்தான் செய்தேன்.

நாலாம் கட்டத்தைப் பற்றி எழுதாவிட்டால் அண்ணன் கோபிப்பார். நகரத்துக் கராஜுகளில் மெக்கானிக் இறங்கி நின்று வேலை செய்யக் குழி இருக்குமே, அது மாதிரி ஒன்று வேண்டும் என்றார். வாவிக்கரையில் குழி தோண்டினால் என்ன வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் சொன்னேன், பாக்கியம் அக்காவும் சொன்னார், கேட்கவில்லை. மூன்று அடியில் தண்ணீர் ஊறி வந்தது. ஒரு கிழமையில் தவளை வந்தது. அண்ணன் குழிக்கரையில் நின்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். கடைசியில் குழியை மூடி, மிசின் ஏறி நிற்க இரண்டு சீமெந்து மேடை கட்டினோம். மிசினுக்குக் கீழே படுத்து இப்போதும் வசதியாக வேலை செய்யலாம்.

அன்று குழியை மூடும்போது என் காதுக்குக் கிட்ட வந்து, "இதுதான் ஓடாவியார் என்ர சொந்தப் பிழை. மற்றது இரவல்" என்றார். அந்த விசயத்தை அவர் என்னிடம் பேசியது வாழ்நாளில் அந்த ஒரு தரம்தான்.

ஐந்தாம் கட்டம், வாகரைப் பக்கத்திலிருந்து வரும் தோணி எஞ்சின்களுக்கு ஒரு தாழ்வாரம். தூண் மட்டும் நிற்கிறது.

செத்த வீட்டன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். உழவு காலம் என்றபடியால் கொட்டகைக்குள் இரண்டு மிசின் குடல் பிரித்துக் கிடந்தன, அசைக்க வழியில்லை. வீட்டு விறாந்தை சனத்துக்குக் காணாது. ஆகவே அண்ணனை என் அறையில், என் வேலை மேசையை வெள்ளை கட்டி, அதில்தான் கிடத்தினோம். நான் சொல்ல எழும்பி, சொல்லாமல் இருந்தேன் என்றேனே, அதைப் பாக்கியம் அக்கா கவனித்திருக்கிறார். கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"என்ன சொல்லப் போனீங்க எண்டு எனக்குத் தெரியும்" என்றார். "அந்த முதல் மழையோடயே நான் சொன்னன், நிலையை எடுத்துப்போட்டு வேற வைங்க, நேரமெல்லாம் திரும்பப் பாக்கலாம் எண்டு. அவருக்கு என்ன நேரமும் காலமும், பஞ்சாங்கத்தைத் தொட்ட மனிசனா? எடுத்தா ஓடாவிர பேர் போயிரும், இரிக்கட்டும் எண்டார். இந்தக் கொட்டகை முழுக்க உங்கட நிலையைக் காப்பாத்தக் கட்டினதுதான் தம்பி."

நான் அழுதேன். இத்தனை சனத்துக்கு முன்னால், அறுபது வயதுக் கிழவன், விக்கி விக்கி அழுதேன்.

பெட்டியைத் தூக்கும்போது வலப்பக்க முன் கைபிடியை எனக்குத் தரச் சொன்னேன். மூன்று விரலால் பிடிக்க முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நிலையடிக்கு வந்ததும் தூக்கியவர்களெல்லாம் பழக்கத்தில் தோளைக் குறுக்கினார்கள், அந்த வாசல் ஒடுக்கம் என்று ஊருக்கே பதிந்துபோனதல்லவா. குறுக்கத் தேவை இருக்கவில்லை. இரண்டு பக்கத்திலும் மும்மூன்று பேர், நடுவில் அண்ணன், ஒரு இடமும் இடிபடாமல் வெளியே வந்தோம்.

சாமித்தம்பி படலையடியில் நின்றார். இந்த மலரை அவருக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் இருந்து வாசிக்கச் சொல்வேன். பகிடியெல்லாம் இனி என்னிடம் வரட்டும். தாழ்வாரத்தைக் கலாவும் நானும் முடிப்போம், தோணி எஞ்சினுக்கென்றாலும் இரும்புச் சில்லோடு அளந்து.

அண்ணன், அந்த அளவு என்னுடையது. இவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள். இப்போது நான் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் சுமையில்லாமல் போய் வாருங்கள்.