முகமூடிக்காரன் செய்யாமல் விட்ட காரியம்

"இதோட நிறுத்திக்கலாம்மா" என்று என் கணவர் தூரிகையைக் கழுவி வைத்தபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். தோசை கருகிப்போனது. பல வருடங்களாக நாங்கள் இருவரும் சேர்ந்து மாதாமாதம் அச்சடித்து விற்கும் படக்கதையைத்தான் நிறுத்தலாம் என்றார். கதை என்னுடையது, படம் அவருடையது. பகலில் நான் கிளினிக் கவுண்டரில், அவர் லோரி பட்டறையில். பிள்ளைகள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட பிறகு, அம்பாங்கான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேச, சிரிக்க, சண்டை போட இருந்த ஒரே சாக்கு அதுதான். அது போனால் ஆளுக்கொரு கைப்பேசியோடு ஆளுக்கொரு மூலையில் உட்கார வேண்டியதுதான். எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் நாயகன் ஒரு ரப்பர் தோட்டத்து முகமூடிக்காரன். முதல் இதழிலேயே ஒரு கும்பல் ரப்பர் கொட்டகைக்குத் தீ வைத்து அவன் அப்பாவைக் கொன்றுவிடும். அன்றிலிருந்து கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, இருட்டில் மரத்துக்கு மரம் தாவி, கெட்டவர்களைப் போட்டு நொறுக்குவான். சிரிக்கமாட்டான். ஒரு வாய் சோறு தின்று யாரும் பார்த்ததில்லை. உண்மையில் நாங்கள் வளர்ந்த தோட்டம் எப்போதோ எண்ணெய் எடுக்கும் செம்பனையாக மாறிவிட்டது. செம்பனையில் தாவினால் முள் குத்தும் என்பதால் அவனுக்காக மட்டும் ரப்பர் மரங்களை விட்டுவைத்திருந்தோம்.

"கறுப்பு அடிச்சி அடிச்சி கை மரத்துப்போச்சி. இன்னும் எத்தன பேரத்தான் அடிப்பான்? படிக்கிறவங்களுக்கே சலிச்சிருச்சி லா" என்றார் இவர். அதில் தப்பில்லை. நானும் விடாமல் புதிய வழி தேடினேன். பட்டணத்துக்கு அனுப்பலாம் என்றேன். கூடப் பிறந்தவனையே எதிரியாக்கலாம் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார். கடைசியில் கோபத்தில் "அப்ப கொன்னுருங்க!" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே அழுகை வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோலா கிளாவாங்கிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். இவருடைய அக்கா. குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நின்று எல்லாரையும் அதட்டுகிறவர். எங்கள் படக்கதைக்கு அவர் வைத்திருந்த பெயர் பேய்க்கதை. அன்று இவர் மீன் வாங்க பாசாருக்குப் போயிருந்தார். நான் சமையலில் இருந்தேன். பொழுது போகாமல் அக்கா பழைய இதழ்களை எடுத்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். இவர் மீனோடு திரும்பியதும் அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்டா தம்பி, இவன் அப்பனுக்குக் கருமாதி யாரு செஞ்சா?"



"அது வந்துக்கா... கதையில அதெல்லாம்..." என்று இழுத்தார் இவர்.

"மொட்ட போட்டானா? ஆத்துல முழுகுனானா? ஒன்னும் செய்யாம துணியக் கட்டிக்கிட்டு மரத்துல தொங்கிட்டிருந்தா மூஞ்சி எப்படிடா தெளியும்? புருசனும் பொண்டாட்டியுமா சேர்ந்து ஒரு பிள்ளைய இப்படி அந்தரத்துல வுட்டுட்டீங்களே!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சொந்தத்தில் யார் வீட்டுக் கருமாதி என்றாலும் கார் பூட்டில் வாழை இலையோடு போய் நிற்பவர்கள் நாங்கள். சொந்தப் பிள்ளைபோல் வளர்த்தவனுக்கு மட்டும் அது தோன்றவே இல்லை. வெள்ளைக்காரன் படக்கதைகளைப் பார்த்துப் பழகிய புத்தி. அங்கே அப்பா செத்தால் மகன் முகமூடியைத் தேடுவான். நம் வீட்டில் முதலில் தேடுவது முடி வெட்டுகிறவரை.

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. மீன் பையைக் கீழே வைக்காமலே, "மொட்ட போடணும்னா முகமூடிய கழட்டணுமே" என்றார்.

அக்கா அதற்குள் கருமாதி செய்துவைக்கும் பண்டாரத்துக்குப் போன் போட்டுவிட்டார். செத்தவன் படக்கதையில் வருகிறவன் என்பதை மட்டும் சொல்லவில்லை. எந்தத் திதி என்று பண்டாரம் கேட்க, நான் முதல் இதழைப் புரட்டினேன். படம் இருட்டாக இருக்க வேண்டும் என்பதற்காக அமாவாசை என்று எழுதியிருந்தேன். "ரொம்ப நல்லது, விட்டுப்போனத அமாவாசையில செஞ்சிரலாம்" என்றார் பண்டாரம்.

அப்படித்தான் எங்கள் கதை பகலுக்கு வந்தது. அடுத்த இதழில் ஒரு அடிதடிகூட இல்லை. ஆற்றங்கரை, தர்ப்பை, பிண்டம், குடை பிடித்து நிற்கும் தோட்டத்து ஆட்கள். தண்ணீருக்கு இவர் பச்சை வாங்கி வந்தார், வெயிலுக்கு மஞ்சள். எல்லாப் பக்கமும் முடிந்தது, முகம் வர வேண்டிய கட்டம் மட்டும் வெள்ளையாகவே கிடந்தது. அவன் முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. முடிந்ததும் தூரிகையை மறுபடி கழுவி வைத்துவிடுவாரோ என்ற பயத்தில் நான் அவசரப்படுத்தவில்லை.

ஒரு காலை, தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தபோது கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். சினிமா முகத்தை எதிர்பார்த்த எனக்கு ஒரு சாதாரணப் பையன் கிடைத்தான். பெரிய காது. கத்தி பட்ட இடத்தில் கொஞ்சம் பஞ்சு. வெயில் பழகாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறான். அடுத்த கட்டத்தில் இலை முன்னால் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறான். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

"நல்லா இருக்கான்" என்றேன். "அப்ப... இதானா கடைசி?"

அவர் தாளில் ஓரமாக ஒரு மொட்டைத் தலையை வரைந்து, அதில் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசத்துக்கு முடி எவ்வளவு முளைச்சிருக்கும்?" என்று கேட்டார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவருக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.