உப்புத் தோணியில் போன பெட்டிகள்

என் ஓரகத்தி பர்மாக்காரி, கரேன் இனத்துப் பெண். தூத்துக்குடி ரயில் நிலையத்தில் வந்து இறங்கியதும் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சே, “ஏலே, நீதானா தம்பி பொண்டாட்டி?” என்பதுதான். பிளாட்பாரத்தில் நின்றிருந்த போர்ட்டர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தமிழை அவர் தன் புருஷனிடமிருந்து, அதாவது என் அத்தானிடமிருந்து, மட்டுமே கற்றிருந்தார். அத்தான் ரங்கூன் கடையில் வேலையாட்களைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, ஆணோ பெண்ணோ யாரானாலும் ‘ஏலே’தான் என்று நினைத்திருக்கிறார்.

“பொம்பளைய ‘ஏளா’ன்னு கூப்பிடணும் அக்கா” என்று சொல்லிக்கொடுத்தேன். அன்றிலிருந்து நான் அவருக்கு ‘ஏளா’ ஆனேன். என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷத்தின் கடைசி அது. பர்மாவுக்கும் சுதந்திரம் வந்து, ஒரு வருஷம் முடிவதற்குள் அங்கே சொந்த ஜனங்களே ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். என் வீட்டுக்காரருடைய அண்ணன் ரங்கூனில் உப்பும் கருவாடும் விற்கும் கடை வைத்திருந்தார். கடையை விட்டு வர மனமில்லாமல் பெண்டாட்டியையும் மூன்று வயது மகளையும் மட்டும் சென்னைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார். “இன்னும் கொஞ்ச நாள்ல நானும் வாரேன்” என்று சொல்லி அனுப்பினாராம்.

எங்கள் வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. அவருக்கு இரண்டு தோணிகள் சொந்தம். எங்கள் கடலில் கரையோரம் ஆழம் கிடையாது என்பதால் பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நின்றுவிடும். உப்பு, வெங்காயம், வத்தல், பஞ்சு என்று எது ஏற்றினாலும் எது இறக்கினாலும் தோணியில்தான் போய்வர வேண்டும். அந்த வேலையில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

அக்கா வந்து சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு கலகலப்பு வந்தது. மீன் வாங்கும்போது கடற்கரைப் பெண்களிடம் அவர் செவுளைத் தூக்கிப் பார்த்து பேரம் பேசும் அழகைப் பார்க்கத் தெருவே நிற்கும். அவர் கிறிஸ்தவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார். மாதா கோயில் அவருடைய சபையைச் சேர்ந்ததில்லைதான். “சாமி ஒண்ணுதான ஏளா, பாட்டுதான் வேற” என்று சொல்லிவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவார். அவர் மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வருவாள். பிள்ளை இல்லாத எனக்கு அந்தப் பிடி பிடித்திருந்தது.

பொங்கல் கழிந்து சில வாரங்கள் இருக்கும். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தவர், ‘கரேன் கலகக்காரர்கள்’ என்ற இடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டார்.

அக்கா முறத்தில் இருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “வாசிங்க கொழுந்தனாரே, அது எங்க ஆளுகதான்” என்றார்.

அவர் வாசித்தார். கரேன் ஜனங்கள் தனி நாடு கேட்டுத் துப்பாக்கி தூக்கிவிட்டார்கள், ரங்கூனுக்குப் பக்கத்து ஊர் வரை வந்துவிட்டார்கள் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, பர்மா சர்க்காருக்கு நம் சர்க்காரும் வெள்ளைக்காரச் சர்க்காரும் ஆயுதம் கொடுத்து உதவுவது பற்றிப் பேச்சு நடக்கிறது என்றும் இருந்தது.

அன்றைக்குத்தான் அக்கா தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். தாய் தகப்பன் இல்லாமல் அவர் கையில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்திருந்த காலத்தில் வெள்ளைக்கார ஆபீசர்கள் காட்டுக்குள் வந்து கரேன் பையன்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தார்களாம்.

“வானத்துல ஏரோப்ளான் வரும். குடை குடையா விழும். ஓடிப்போய்ப் பாத்தா பெட்டி. பெட்டிக்குள்ள துப்பாக்கி. எங்க தம்பி அத எடுத்துட்டு வந்து வீட்டுல காமிச்சான். எனக்குப் பயம். ‘இது நம்ம சிநேகிதங்க குடுத்தது அக்கா, பயப்படாத’ன்னான்.” அக்கா முறத்தைக் கீழே வைத்தார். “இப்ப அந்தச் சிநேகிதங்க அவன் எதிராளிக்குக் குடுக்குதாங்க. அப்படித்தான பேப்பர்ல போட்டிருக்கு?”

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

தம்பி ரங்கூனுக்கு வெளியே கரேன்காரர்கள் பிடித்து வைத்திருந்த ஊரில் இருந்தான். புருஷன் ரங்கூனுக்குள் இருந்தார். நடுவில் சண்டை. அந்த மாதங்களில் அக்கா எப்படித் தூங்கினார் என்று எனக்குத் தெரியாது. பகலில் ஒரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டார். துவைத்த துணியையே மறுபடியும் துவைப்பார்.

ஒருநாள் காலையில் கொழும்பிலிருந்து ஒரு தரகர் வந்தார். வெள்ளை அல்பாக்கா கோட்டு, கையில் தோல் பை. என் வீட்டுக்காரரோடு முன்னறையில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். நானும் அக்காவும் உள்ளே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தோம். அவர் பேசியது முழுவதும் காதில் விழுந்தது.

“அண்ணாச்சி, கரேன்காரங்களுக்கு இப்ப குண்டு கிடையாது. எந்த தேசமும் விக்கக்கூடாதுன்னு கட்டிப் போட்டிருக்கு. ஆனா போன யுத்தத்துல மிஞ்சின சாமான் எவ்வளவோ கிடக்கு. அவங்க மேல இரக்கப்பட்ட துரைமாரும் சில பேர் இருக்காங்க. ஒரு பாய்க்கப்பல் உப்பு. உப்புக்கு அடியில கொஞ்சம் பெட்டி. அங்க ஒரு ஓடைக்குள்ள இறக்கிட்டா முடிஞ்சுது. உங்க வீட்டுல அந்த இனத்து அம்மா இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் உங்ககிட்ட வந்தேன்.”

“வேண்டாம்யா. கஸ்டம்ஸ்ல பிடிச்சா ஆயுசுக்கும் உள்ளதான் இருக்கணும். எந்திரிங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

நான் தடுப்பதற்குள் அக்கா கதவைத் தாண்டிப் போய்விட்டார். கையில் இருந்த ஒரு ஜோடி வளையலைக் கழற்றிக்கொண்டே போனார்.

“இது போதுமா? எவ்வளவு குண்டு வரும்?”

தரகர் வளையலைப் பார்த்தார். நான் பின்னாலேயே ஓடி அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறினார்.

“விடு ஏளா. அவனுக்குக் குண்டு இல்லையாம். அவங்களுக்குக் கப்பல்ல போகுது, இவனுக்கு மட்டும் இல்லையாம்.”

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, “மதினி” என்றார். “அந்தக் குண்டு ரங்கூனுக்குள்ள வந்து விழும் மதினி. அண்ணன் கடை இருக்கது அந்த ரோட்டுலதான்.”

அக்கா அப்படியே நின்றார். வளையல் கையில் இருந்தது. பிறகு தரகரைப் பார்த்து, “நீங்க போங்க” என்றார். அவர் போனதும் அங்கேயே தரையில் உட்கார்ந்து, “சர்க்கார் குடுத்தா அது உதவி. உப்புக்கு அடியில போனா அது குத்தம். இத எனக்கு யாராவது விளக்கிச் சொல்லுங்க” என்று கேட்டார்.

வளையலை நான்தான் மறுபடி அவர் கையில் மாட்டிவிட்டேன். சோப்புப் போட்டு ஏற்ற வேண்டியிருந்தது.

வெயில் ஏறிய மாதத்தில் ரங்கூனுக்கு உப்பு ஏற்ற ஒரு கப்பல் வந்து வெளியே நின்றது. ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் நேரம் கெட்ட நேரத்தில் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரயிலில் நீளப் பெட்டிகள் வந்திருக்கின்றன, சுற்றிப் போலீஸ் நிற்கிறது, ஒரு பெட்டிக்கு நாலு பேர் பிடித்தாலும் தம் கட்ட வேண்டியிருக்கிறது என்றார். “என்ன ஏதுன்னு யாரும் சொல்லல. சொல்லணுமா? நம்ம தோணியிலதான் ஏத்தணும்னு கப்பல் ஏஜெண்டு எழுதிட்டான்.”

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

“துப்பாக்கியா கொழுந்தனாரே?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நான் முடியாதுன்னு சொல்லிருதேன் மதினி. தோணி ஒழுகுதுன்னு சொல்லிருதேன்.”

“அங்கன ஊரு விழுந்தா உங்க அண்ணன் விழுவாவ. இந்தத் துப்பாக்கி போனா என் தம்பி விழுவான். நான் எதச் சொல்லட்டும்? என்னையக் கேக்காதீய.” கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “யாரும் என்னையக் கேக்காதீய.”

என் வீட்டுக்காரர் வேலையை மறுக்கவில்லை. மறுத்தால் ஏன் என்று கேள்வி வரும், கரேன் பெண் இருக்கும் வீடு என்று போலீஸ் வாசலில் வந்து நிற்கும் என்று பயந்தார். மறுநாள் விடிந்ததும் துறைக்குப் போகக் கிளம்பினார். அக்காவும் கிளம்பி நின்றார், கையில் ஒரு துணி மூட்டை. கருப்பட்டியும், சீலாக் கருவாடும், மகளுடைய காலில் மஞ்சள் தடவி ஒரு துண்டுத் துணியில் ஒற்றி எடுத்த சின்ன அடையாளமும் அதற்குள் இருந்தன. கப்பலில் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அத்தானிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார். நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.

தோணி துறையோடு கட்டிக் கிடந்தது. முக்கால்வாசி உப்பு மூட்டை. முன்பக்கம் தார்ப்பாய் போட்டு அந்தப் பெட்டிகள். ஒரு போலீஸ்காரர் எங்களைப் பார்த்து, “யாரு இது?” என்றார்.

“எங்க மதினி. ரங்கூன்ல இருக்க அண்ணனுக்குச் சாமான் குடுத்துவிட வந்திருக்காவ” என்றார் என் வீட்டுக்காரர். போலீஸ்காரர் மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

தோணியை ஓட்டும் தண்டல் வயசானவர். மூட்டை நனையாமல் இருக்கட்டும் என்று நல்ல மனசோடு அதை வாங்கித் தார்ப்பாயின் மேல் வைத்தார்.

“அதுக்கு மேல வைக்காதீய” என்றார் அக்கா. கத்தவில்லை. ஆனாலும் துறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

தண்டல் அவர் முகத்தைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார். என்ன புரிந்ததோ. மூட்டையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “கப்பல் வரைக்கும் என் மடியிலயே இருக்கும் தாயி” என்றார்.

பாய் விரிந்து தோணி நகர்ந்தது. அக்கா அழவில்லை. பிள்ளை மட்டும் கையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் அக்கா பரிமாறினால் சாப்பிட மாட்டார். கோபம் எதுவும் கிடையாது, அந்த முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. நான் போட்டால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். அக்காவும் அவர் வரும் நேரத்தில் கொல்லைப்புறம் போய்விடுவார். ஒரே வீட்டில் இரண்டு நல்ல மனுஷர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டே நடந்தார்கள். நடுவில் நான்.

ரங்கூன் பக்கம் சண்டை ஓய்ந்தது, கரேன்காரர்கள் அந்த ஊரை விட்டுப் பின்வாங்கிவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. “இனி அண்ணன் வந்துருவாவ” என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் அத்தான் வரவில்லை. ஆடி போனது, ஆவணி போனது. ‘சுகமாக இருக்கிறேன், வேலை இருக்கிறது, முடிந்ததும் வருகிறேன்’ என்று மட்டும் தகவல் வரும். போர் முடிந்த ஊரில் பெண்டாட்டி பிள்ளையைவிட என்ன வேலை என்று எனக்கே கோபம் வந்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள் தந்தி வந்து, மறுநாள் அத்தான் ரயிலில் வந்து இறங்கினார். பாதியாக இளைத்திருந்தார். மகளுக்கு அடையாளம் தெரியவில்லை. என் சேலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். அவர் பிளாட்பாரத்தில் குந்தி உட்கார்ந்து, கரேன் பாஷையில் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார். பிள்ளை ஒரு கண்ணை மட்டும் வெளியே காட்டினாள்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “தம்பி?”

“இருக்கான்” என்றார் அத்தான்.

வீட்டுக்கு வந்து ஈரம் துவட்டிய பிறகுதான் முழுவதும் சொன்னார். கரேன்காரர்கள் பின்வாங்கியபோது காயம்பட்டவர்கள் சிலரைப் பட்டாளம் பிடித்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தது. அத்தான் ஒவ்வொரு கட்டிலாகத் தேடிப் போய் மைத்துனனைக் கண்டுபிடித்தார். தொடையில் குண்டு. அவனுக்குச் சோறு கொண்டுபோக வேறு யாரும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் தூக்குச்சட்டியோடு போய் நின்றார். விடுதலையாகி, ஊன்றுகோலோடு அவன் சொந்த ஊருக்குப் படகேறும் வரை இவர் ரங்கூனை விட்டு அசையவில்லை.

“எழுதினா நீ இங்கன கிடந்து தவிப்ப. அதான் எழுதல. பிழைச்சப்பறம் நேர்ல சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்.”

“எந்த ஊர் குண்டு அது?” என்று கேட்டார் அக்கா.

“டாக்டர் சொல்லல. நானும் கேக்கல.”

என் வீட்டுக்காரர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னலே, என்ன ஆச்சு?” என்று தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அக்காதான் பதில் சொன்னார். “அவருக்குப் பசி. நாள்கணக்கா சரியாச் சாப்பிடல.”

எழுந்து போய் இலை போட்டார். அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் கரண்டிச் சோற்றைக் கொழுந்தனார் இலையில் வைத்தார். மீன் குழம்பை ஊற்றினார். அவர் சாப்பிடும் வரை கரண்டியோடு எதிரிலேயே நின்றார். அவர் சாப்பிட்டார். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டார்.

“ஏளா, இன்னும் கொஞ்சம் சோறு கொண்டா” என்று அக்கா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். வெளியே மழை வலுத்திருந்தது. பிள்ளை மெதுவாக நடந்து போய்த் தகப்பனின் முதுகில் சாய்ந்துகொண்டாள்.